ஜெர்மனியில் ஒரு செமஸ்டர்: கிளம்பும் முன் கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றில் படித்துக்கொண்டே, ஒப்பந்தத்தின் பேரில் ஜெர்மனிக்கு ஒரு செமஸ்டர் மட்டும் போய்வரும் பி.இ., எம்.இ., எம்.எஸ்ஸி. மாணவர்களுக்காக எழுதியது. முழுப் பட்டப்படிப்புக்குப் போகிறவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. எல்லோரும் முதலில் கேட்பது விசாவும் பணமும். இரண்டும் சிரமம்தான், ஆனால் பலர் நடந்து தேய்ந்த பாதை. செமஸ்டரை உண்மையில் கெடுப்பவை காலண்டரும் கிரெடிட்டும். அதனால் அவை முதலில் வருகின்றன.

எக்ஸ்சேஞ்ச் என்பதும் ஏஜென்ட் விற்கும் ‘செமஸ்டர் அப்ராட்’ பேக்கேஜும் ஒன்றா?

இல்லை. எக்ஸ்சேஞ்ச் என்றால் உங்கள் கல்லூரிக்கும் அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கும் கையெழுத்தான ஒப்பந்தம் இருக்க வேண்டும். உங்கள் கல்லூரிதான் உங்களை நாமினேட் செய்யும். ஃபீஸை இங்கே கட்டுவீர்கள், அங்கே கல்விக் கட்டணம் கிடையாது. இந்தச் சலுகையின் மதிப்பு பலருக்குத் தெரிவதில்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து 2,000 முதல் 6,000 யூரோ வரை வாங்குகிறது. ஒப்பந்தத்தில் வரும் எக்ஸ்சேஞ்ச் மாணவருக்கு இந்தக் கட்டணங்கள் இல்லை.

ஏஜென்ட் மூலம் போனால் பெரும்பாலும் சொந்தச் செலவில் போகும் வெளிமாணவர் கணக்குதான். ஊர் திரும்பியதும் அந்த மார்க்கை உங்கள் கல்லூரி ஏற்குமா என்பதற்கு ஏஜென்ட் பொறுப்பில்லை. கல்லூரியின் சர்வதேச உறவுகள் அலுவலகத்துக்குப் போய் ஒப்பந்தத்தின் நகலைக் காட்டச் சொல்லுங்கள். பெயரளவில் கையெழுத்தாகி ஒரு மாணவர்கூடப் போகாத ஒப்பந்தங்களும் உண்டு. கடைசியாக யார் போனார்கள் என்று கேட்டால் தெரிந்துவிடும்.

அவர்கள் செமஸ்டரும் நம் செமஸ்டரும் ஒத்துப்போகுமா?

போகாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1-இல் தொடங்கி மார்ச் 31-இல் முடிகிறது. கோடை செமஸ்டர் ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை. வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கி பிப்ரவரி முற்பகுதி வரை ஓடும், அடுத்ததில் ஏப்ரல் நடுவில் தொடங்கி ஜூலை நடு அல்லது கடைசி வரை. அதற்குப் பிறகுதான் தேர்வு. சில பாடங்களின் தேர்வு மார்ச்சுக்கும் செப்டம்பருக்கும் போகும்.

நம் ஊர் ஒற்றைப்படை செமஸ்டர் ஜூலை வாக்கில் தொடங்கி நவம்பரில் முடியும், இரட்டைப்படை டிசம்பர் அல்லது ஜனவரியில் தொடங்கி மே வரை போகும். ஆக அவர்களுடைய ஒரு குளிர்கால செமஸ்டர் நம்முடைய இரண்டு செமஸ்டர்களை வெட்டுகிறது. ஐந்தாம் செமஸ்டரின் பின்பாதியும் போகும், ஆறாம் செமஸ்டரின் முன்பாதியும் போகும். கோடையிலும் இதே கதைதான். ‘ஆறு மாதம்தானே’ என்று கிளம்புகிறவர் இங்கே ஒரு வருட அட்டவணையில் ஓட்டை போடுகிறார்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகம் ஒன்றைத் தேர்வது. ஹோக்‌ஷூலே என்று பெயர் தொடங்கும் இவற்றின் செமஸ்டர் பொதுவாக செப்டம்பரிலும் மார்ச்சிலும் தொடங்குவதால் தேர்வுகளும் பெரும்பாலும் சீக்கிரம் முடியும். பல்கலைக்கழகங்களில் மான்ஹைம் ஒரு விதிவிலக்கு. அங்கே செப்டம்பர் முதல் டிசம்பர், பிப்ரவரி முதல் ஜூன் என்ற காலண்டர்.

இரண்டாவது, வகுப்புகளை விட்டுவிட்டு புராஜெக்டுக்குப் போவது. எட்டாம் செமஸ்டர் புராஜெக்டையோ எம்.இ. ஆய்வேட்டையோ ஒரு பேராசிரியரின் ஆய்வகத்தில் செய்ய ஜனவரியில் போய் ஜூனில் திரும்பலாம். ஆய்வகத்துக்கு செமஸ்டர் தேதி பெரிய விஷயமில்லை. என்னைக் கேட்டால் நம் பொறியியல் மாணவர்களுக்கு இதுவே ஆகச் சிறந்த வழி.

மூன்றாவது, விடுபடும் பாடங்களைத் திரும்பி வந்து எழுதுவதாகத் துறையிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொண்டு போவது. நடக்கக்கூடியதுதான், ஆனால் ஹெச்.ஓ.டி. மாறினால் வாய்மொழி வாக்குறுதியும் கூடவே மாறிவிடும்.

நாடு எதுவானாலும் சரி என்பவர்கள் ஸ்வீடனையும் சிங்கப்பூரையும் பாருங்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆகஸ்ட் முதல் டிசம்பர், ஜனவரி முதல் மே. நம் காலண்டரோடு ஏறக்குறைய ஒட்டிப்போகிறது.

எந்த செமஸ்டரில் போவது நல்லது?

பி.இ. என்றால் மூன்றாம் ஆண்டு, இல்லையேல் எட்டாவது செமஸ்டர். ஏழாவதில் போகாதீர்கள். பிளேஸ்மென்ட் கம்பெனிகள் வருவதே அப்போதுதான். ஆன்லைனில் இன்டர்வியூ கொடுத்துவிடலாம் என்று நினைப்பவர்கள், இங்கே காலை 9 மணி டெஸ்ட் என்றால் அங்கே விடிகாலை நாலரை மணி என்பதை நினைவில் வையுங்கள். அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கும் கோடை நேரம் அக்டோபர் கடைசியில் முடிந்தது முதல் மார்ச் கடைசி வரை நமக்கும் ஜெர்மனிக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், மற்ற மாதங்களில் மூன்றரை.

எந்த செமஸ்டரானாலும் வேலையை ஒரு வருடம் முன்னால் தொடங்க வேண்டும். உள்தேர்வு, நாமினேஷன், அங்கே விண்ணப்பம், அனுமதிக் கடிதம், விசா என்று ஒன்று முடிந்தால்தான் அடுத்தது நகரும்.

கிரெடிட் மாற்றம் எப்படி நடக்கிறது?

ஐரோப்பாவில் ஒரு செமஸ்டர் என்றால் 30 ஈ.சி.டி.எஸ். புள்ளிகள், அதாவது ஐரோப்பியப் பொதுக் கிரெடிட். ஜெர்மனியில் ஒரு புள்ளி ஏறத்தாழ 30 மணி நேர உழைப்பு, வகுப்பும் வீட்டில் படிப்பதும் சேர்த்து. நம் கிரெடிட் வகுப்பு நேரத்தை வைத்து வருவது. இரண்டையும் நேராகப் பொருத்த முடியாது. ஒரு பாடத்துக்கு ஒரு பாடம் என்று துறை ஒப்புக்கொள்கிறதா, மொத்தக் கிரெடிட்டாக எடுத்துக்கொள்கிறதா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இதற்கான தாள்தான் லேர்னிங் அக்ரிமென்ட். நீங்கள் அங்கே எடுக்கப்போகும் பாடங்கள், அவற்றுக்கு ஈடாக இங்கே விலக்குக் கிடைக்கும் பாடங்கள், மாணவர் கையெழுத்து, இரண்டு கல்லூரிகளின் கையெழுத்து. விமான டிக்கெட்டுக்கு முன்னால் இந்தத் தாள் கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் அவர்கள் வெளியிடும் பாட விவரத்தை அச்செடுத்து, நம் சிலபஸில் எந்த யூனிட்டோடு ஒத்துப்போகிறது என்று நீங்களே பென்சிலில் குறித்து ஆசிரியரிடம் கொண்டுபோனால் கையெழுத்து சீக்கிரம் கிடைக்கும். வெறும் பாடத் தலைப்பைக் காட்டினால் ‘பார்க்கலாம்’ என்ற பதில்தான்.

அங்கே போனதும் பாதிப் பேருக்காவது பாடம் மாறும். நேரம் மோதும், இந்த முறை அந்தப் பாடம் நடக்காது, இடம் நிரம்பியிருக்கும். மாறிய அன்றே திருத்திய அக்ரிமென்டை மெயிலில் அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். ஊர் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள்தான் திரும்பி வந்து அதே பாடத்தை ஜூனியர்களோடு உட்கார்ந்து எழுதுகிறார்கள்.

30 புள்ளியும் எடுக்க வேண்டுமா? ஒப்பந்தம் கட்டாயப்படுத்தாவிட்டால் 20, 24 போதும்.

ஆங்கிலத்தில் பாடம் கிடைக்குமா? ஜெர்மன் தெரிய வேண்டுமா?

ஆங்கிலப் பாடங்கள் பெரும்பாலும் மாஸ்டர்ஸ் அளவில்தான். இளநிலையில் இன்னும் ஜெர்மன்தான் ஆட்சி. பி.இ. மாணவர்கள் இதைக் கடைசியில் தெரிந்துகொண்டு திண்டாடுகிறார்கள். எக்ஸ்சேஞ்ச் மாணவர் மாஸ்டர்ஸ் பாடம் எடுக்கலாமா என்று நாமினேஷனுக்கு முன்பே மெயில் போட்டுக் கேளுங்கள். பல துறைகள் மூன்றாம் ஆண்டு மாணவரை அனுமதிக்கின்றன.

ஜெர்மன் மொழி வகுப்புக்கு வேண்டாவிட்டாலும் வாழ்க்கைக்கு வேண்டும். நகராட்சி அலுவலகத்தில் உங்களுக்கு முன்னால் இருப்பவர் ஆங்கிலம் தெரிந்தும் ஜெர்மனில் பேசக்கூடும். கிளம்பும் முன் மொழித் தேர்ச்சியின் முதல் நிலையான ஏ1, முடிந்தால் அடுத்த நிலையான ஏ2. சென்னை நுங்கம்பாக்கத்தில் மாக்ஸ் முல்லர் பவன் எனப்படும் கோத்தே இன்ஸ்டிட்யூட் இருக்கிறது.

அரியர் இருந்தால்?

பெரும்பாலான கல்லூரிகள் நாமினேட் செய்யாது. செய்தாலும், அரியர் எழுதும் தேதியில் நீங்கள் வேறொரு கண்டத்தில் இருப்பீர்கள். முடித்துவிட்டுப் போங்கள்.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

விசாவுக்குக் காட்ட வேண்டிய தொகை வேறு, உண்மையில் செலவாகும் தொகை வேறு.

காட்ட வேண்டியது மாதம் 992 யூரோ. 2024 செப்டம்பரிலிருந்து இந்தக் கணக்கு. தொகை அவ்வப்போது ஏறும், விண்ணப்பிக்கும் மாதத்தில் சரிபாருங்கள். ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ. ஒரு யூரோ நூறு ரூபாய் என்று வைத்தால் ஆறு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இதை பிளாக்டு அக்கவுன்டில் போட வேண்டும். ஃபின்டிபா, எக்ஸ்பாட்ரியோ போன்ற நிறுவனங்கள் மூலம் பலர் திறக்கிறார்கள். இது செலவு அல்ல, உங்கள் பணமேதான். அங்கே போனதும் மாதாமாதம் 992 யூரோவாகத் திரும்பக் கிடைக்கும். அப்பா அம்மாவுக்கு இதை விளக்கிச் சொல்லுங்கள். ‘ஆறு லட்சம் கட்ட வேண்டும்’ என்று சொன்னால் வீட்டில் வேறு மாதிரிக் கேட்கும்.

செலவாவது இப்படி: மாணவர் விடுதி அறை ஊரைப் பொறுத்து மாதம் 280 முதல் 450 யூரோ. மருத்துவக் காப்பீடு 140 யூரோவைத் தாண்டும். சமைத்துச் சாப்பிட்டால் சாப்பாட்டுக்கு 200. போனுக்கு 10, 15. இதோடு கல்விக் கட்டணம் இல்லாதவரும் கட்டும் செமஸ்டர் பங்குத்தொகை ஒன்று இருக்கிறது. ஊருக்கு ஊர் மாறும், பொதுவாக 100 முதல் 350 யூரோவுக்குள். இதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம், பல இடங்களில் பஸ், ரயில் பாஸ் இதற்குள்ளேயே அடங்கிவிடும். நாடு முழுக்க உள்ளூர், வட்டார வண்டிகளில் செல்லும் டாய்ச்லாண்ட் டிக்கெட் 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கி, 2025-இல் 58, 2026 ஜனவரியில் 63 ஆனது. மாணவர்களுக்கான வடிவம் அதில் 60 சதவீத விலைதான். ஐ.சி.இ. விரைவு ரயிலில் மட்டும் இதோடு ஏறிவிடாதீர்கள்.

மியூனிக் எல்லாவற்றிலும் விலை அதிகம். ஆகன், கெம்னிட்ஸ், டிரெஸ்டன் போன்ற ஊர்களில் அதே பணம் நிம்மதியாகப் போதும். பெயருக்காக மியூனிக்கை முதல் விருப்பமாகப் போடுகிறவர்கள் அறை வாடகையைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

உதவித்தொகை உண்டா?

உண்டு, ஆனால் வழி உங்கள் கல்லூரி வழியேதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில் இந்தியக் கல்லூரிகளும் கூட்டாளியாகச் சேரலாம், அப்படிச் சேர்ந்திருந்தால் மாதாந்திரத் தொகையும் பயணப் படியும் கிடைக்கும். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்துக்குப் போகிறவர்கள் அந்த மாநில அறக்கட்டளையின் உதவித்தொகையை விசாரிக்கலாம். ஜெர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையான டாட் அமைப்பின் ‘வைஸ்’ திட்டம் எக்ஸ்சேஞ்ச் அல்ல, ஆய்வக இன்டர்ன்ஷிப். ஆனால் அது நம் கோடை விடுமுறையை ஒட்டி நடப்பது. செமஸ்டர் கணக்கு ஒத்துவராதவர்களுக்கு அது கைகொடுக்கும்.

விசா எப்படி?

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் டூரிஸ்ட் விசாவில் போக முடியாது. 90 நாளுக்கு மேல் தங்குவதால் தேசிய விசா, டி வகை. கட்டணம் 75 யூரோ. தமிழ்நாட்டு மாணவர்களுக்குச் சென்னையில் உள்ள ஜெர்மன் துணைத் தூதரகம். அனுமதிக் கடிதம், பண ஆதாரம், காப்பீடு, இங்கே மாணவராக இருப்பதற்கான போனஃபைடு, கல்லூரி தரும் நாமினேஷன் கடிதம், ஏன் போகிறீர்கள் என்று ஒரு பக்கத்தில் நீங்கள் எழுதும் கடிதம். அந்தக் கடிதத்தை நெட்டிலிருந்து எடுக்காதீர்கள். எந்தப் பாடம், எந்தப் பேராசிரியர், திரும்பி வந்து எந்த செமஸ்டரில் சேருவீர்கள் என்று எழுதினால் அதுவே போதும்.

2022 நவம்பரிலிருந்து ஜெர்மனியில் பட்டம் படிக்கப் போகும் இந்தியர்களுக்கு, அவர்களுடைய கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரப்படும் ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம். எக்ஸ்சேஞ்ச் மாணவர்களுக்கான ஆவணப் பட்டியலைத் தூதரகத் தளத்தில் தனியே பார்த்து அதன்படி போங்கள். பட்டப்படிப்புக்குப் போன சீனியர் கொடுத்த பட்டியல் உங்களுக்குப் பொருந்தும் என்று இருந்துவிடாதீர்கள்.

பாஸ்போர்ட்டில் இனிஷியல் பிரச்சினை இருக்கிறது. என்ன செய்வது?

நம்மவர்களுக்கே உரிய தலைவலி. பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி, அல்லது அப்பா பெயர் அங்கே. மார்க் ஷீட்டில் ‘எஸ்.’ என்று ஒற்றை எழுத்து. ஜெர்மன் படிவம் இரண்டு பெயரும் இல்லாமல் நகராது.

பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே அனுமதிக் கடிதத்திலும் காப்பீட்டிலும் பிளாக்டு அக்கவுன்டிலும் இருக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் பிறகு ஒவ்வொரு அலுவலகமாக அலைய வேண்டியிருக்கும். கல்லூரிச் சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருந்தால், இருவரும் ஒருவரே என்று கல்லூரியிடமிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

அங்கே உங்களை அப்பா பெயரால்தான் கூப்பிடுவார்கள். ‘ஹெர் முருகேசன்’ என்று பேராசிரியர் அழைக்கும்போது அப்பா பின்னால் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்க்காதீர்கள். இன்னொன்று, தபால் பெட்டி. தபால்காரர் பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். வங்கி அட்டையும் வரி எண்ணும் காப்பீட்டு அட்டையும் தபாலில்தான் வரும். கடித உறையில் என்ன பெயர் வருமோ அதைப் பெட்டியில் முதல் நாளே ஒட்டுங்கள், இல்லாவிட்டால் கடிதம் வந்த வழியே போய்விடும்.

தங்குமிடம் கிடைப்பது கஷ்டமா?

பெரிய ஊர்களில் கஷ்டம்தான். விடுதிகளை நடத்துவது பல்கலைக்கழகம் அல்ல, ஸ்டுடீரண்டன்வெர்க் என்ற தனி அமைப்பு. விண்ணப்பமும் தனி. அனுமதிக் கடிதத்துக்காகக் காத்திருக்காமல் நாமினேஷன் ஆனதுமே போட்டுவிடுங்கள். எக்ஸ்சேஞ்ச் மாணவருக்கு ஒதுக்கீடு இருக்கும் ஊர்களில் சர்வதேச அலுவலகமே அறையைப் பிடித்துக்கொடுக்கும்.

தனியார் அறை தேடும்போது ஒரே விதி: அறையை நீங்களோ தெரிந்தவரோ பார்க்காமல் ஒரு காசும் அனுப்பாதீர்கள். ‘நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் போட்டால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்’ என்று வந்தால் அது மோசடி. சந்தேகமே வேண்டாம். அட்வான்ஸ் சட்டப்படி அதிகபட்சம் மூன்று மாத வாடகை, அதுவும் ஹீட்டிங் சேர்க்காத வாடகையில் கணக்கு.

போய் இறங்கியதும் முதல் வேலை?

அன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் பதிய வேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியிருப்புச் சான்று இல்லாமல் நடக்காது. அதற்கான நேரத்தை இங்கிருந்தே ஆன்லைனில் பிடித்து வையுங்கள். பிறகு காப்பீடு, மாணவர் பதிவு, பிளாக்டு அக்கவுன்டை விடுவிக்க ஒரு நடப்புக் கணக்கு. முதல் மாதச் செலவுக்கு ஃபோரெக்ஸ் கார்டும் கொஞ்சம் ரொக்கமும் தனியாக வைத்திருங்கள், முதல் 992 யூரோ கைக்கு வரச் சில வாரங்கள் ஆகலாம்.

வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். டி.வி. இல்லையே என்று தூக்கிப் போடாதீர்கள், டி.வி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு வீட்டுக்கு ஒன்று. பகிர்ந்து வசிக்கும் வீட்டில் ஒருவர் கட்டினால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை மாலையே பால், பிரெட் வாங்கி வையுங்கள். தண்ணீர் பாட்டிலைக் குப்பையில் போடாதீர்கள், கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால் 25 சென்ட் திரும்ப வரும்.

வகுப்பும் தேர்வும் எப்படி இருக்கும்?

வருகைப்பதிவு பொதுவாகக் கிடையாது. 75 சதவீதம், கண்டோனேஷன், லாக் எதுவும் இல்லை. முதல் மாதம் இது சொர்க்கம். இன்டர்னல் மார்க்கும் பல பாடங்களில் இல்லை என்பது பிப்ரவரியில்தான் உறைக்கும். கடைசியில் ஒரே தேர்வு, ஒன்றரை இரண்டு மணி நேரம், அதுதான் நூறு சதவீதம். அல்லது பேராசிரியர் முன்னால் அரை மணி நேர வாய்மொழித் தேர்வு. மாதாமாதம் சைக்கிள் டெஸ்ட் வைத்து நம்மை உட்கார வைக்கும் ஏற்பாடு அங்கே இல்லை.

லெக்சரைத் தவறவிட்டாலும் ஊபுங் எனப்படும் பயிற்சி வகுப்பைத் தவறவிடாதீர்கள். அங்கே போடும் கணக்குகளின் சாயலில்தான் தேர்வு வரும்.

மிக முக்கியம்: பாடத்துக்குப் பதிவது வேறு, தேர்வுக்குப் பதிவது வேறு. வகுப்பில் ஒரு நாள்கூடத் தவறாமல் உட்கார்ந்திருந்தாலும், தேர்வுப் பதிவுக்கான கெடுவுக்குள் பதியாவிட்டால் ஹாலுக்குள் விடமாட்டார்கள். கெஞ்சிப் பயனில்லை. மறுதேர்வு உண்டா என்று கேட்டால், உண்டு, ஆனால் பெரும்பாலும் நீங்கள் ஊர் திரும்பிய பிறகு.

அட்டவணையில் 10 மணிக்குப் பக்கத்தில் ‘சி.டி.’ என்று இருந்தால் வகுப்பு 10.15-க்கு. ‘எஸ்.டி.’ என்றால் சரியாகப் பத்துக்கு. லெக்சர் முடிந்ததும் எல்லோரும் மேசையைத் தட்டுவார்கள். கலாட்டா இல்லை, அதுதான் அவர்கள் கைதட்டல்.

1.0 வாங்கினால் ஃபெயிலா?

நேரெதிர். 1.0 தான் உச்சம், 4.0 வரை பாஸ், 5.0 ஃபெயில். இதை நம் பத்துப் புள்ளி அளவுக்கு எப்படி மாற்றுவார்கள் என்பதைப் போகும் முன் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கேளுங்கள். சில கல்லூரிகள் மார்க்கை மாற்றாமல் பாஸ் என்று மட்டும் பதியும். சி.ஜி.பி.ஏ.வைக் காப்பாற்ற நினைப்பவர்களுக்கு இதுவே நிம்மதி, ஏனென்றால் அங்கே 2.3 என்பது நல்ல மார்க். அதை இங்கே யாரிடம் போய் விளக்குவது?

சாப்பாட்டுக்கு என்ன செய்வது? எதைக் கொண்டுபோகலாம்?

மென்சா என்ற மாணவர் கேன்டீனில் சைவம், வீகன் தட்டுகள் தினமும் இருக்கும், விலையும் குறைவு. உப்பு காரம் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

பெட்டியில் வைக்கக் கூடாதவை: இறைச்சி, பால் பொருள்கள். பால்கோவா, நெய் இரண்டும் இதில் அடக்கம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணி இவற்றைக் கொண்டுவரக் கூடாது, சுங்கத்தில் பிடித்தால் தூக்கிப்போட்டுவிடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம் போன்றவற்றுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அதிலும் ஐந்து பழங்களுக்கு மட்டும் விலக்கு: அன்னாசி, தேங்காய், டுரியன், வாழைப்பழம், பேரீச்சை. தேங்காய்க்கு ஐரோப்பாவே வழிவிடுகிறது!

இட்லிப் பொடி, சாம்பார்ப் பொடி, புளி, பெருங்காயம் எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி பருப்பைச் சுமக்காதீர்கள், ஓரளவு பெரிய ஊர் என்றால் ஈழத் தமிழர் கடையோ ஆசியக் கடையோ இருக்கும். குக்கர் கொண்டுபோனால் அடி தட்டையாக, இண்டக்‌ஷனுக்கும் ஏற்றதாக இருக்கட்டும். மின்சாரம் நம்மைப் போலவே 230 வோல்ட், ஆனால் நம் மூன்று முள் பிளக் சொருகாது.

தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்தி ஜன்னலைத் திறங்கள். காய்ந்த மிளகாய்ப் புகைக்குப் புகை அலாரம் அலறும், சில விடுதிகளில் அது நேரே தீயணைப்பு நிலையத்துக்குப் போகும். அந்த வண்டி வந்து போன செலவை உங்களிடம் கேட்கவும் கூடும்.

பார்ட்-டைம் வேலை?

மாணவர் விசாவில் 2024 மார்ச் முதல் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். உங்கள் விசாவில் அச்சிட்டிருக்கும் வரிதான் இறுதி. குறைந்தபட்ச ஊதியம் 2026-இல் மணிக்கு 13.90 யூரோ. ஆனால் வரி எண் வந்து, வேலை தேடி, சேர்வதற்குள் இரண்டு மாதம் போய்விடும். ஒரு செமஸ்டருக்கு வந்தவர் கிடங்கில் பெட்டி அடுக்கிச் செலவை ஈட்டும் கணக்கு பெரும்பாலும் உதைக்கும். துறையிலேயே ஆராய்ச்சி உதவியாளர் வேலை கிடைத்தால் விடாதீர்கள்.

மற்ற நாடுகளைச் சுற்றிப் பார்க்கலாமா?

ஜெர்மன் டி விசாவில் மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு எந்த 180 நாளிலும் 90 நாள் வரை போகலாம். சுவிட்சர்லாந்து உண்டு. பிரிட்டனும் அயர்லாந்தும் இல்லை, அவற்றுக்குத் தனி விசா. கிறிஸ்துமஸை ஒட்டி இரண்டு வாரம் வகுப்பு இருக்காது, ஊர் சுற்ற அதுவே நேரம், டிக்கெட் விலை ஏறுவதும் அப்போதுதான்.

குளிர் தாங்குமா? தனிமையாக இருக்குமா?

குளிருக்குத் துணி இருக்கிறது. கனமான ஜாக்கெட்டை அங்கே போய் வாங்குங்கள், சென்னையில் கிடைப்பது ஊட்டிக்குப் போதும். இருட்டுதான் ஆளைச் சாய்க்கும். டிசம்பரில் மியூனிக்கில் மாலை நாலரைக்குள் சூரியன் இறங்கிவிடும். வகுப்பு முடிந்து வெளியே வந்தால் ராத்திரி. நவம்பர் நடுவிலிருந்து சிலருக்கு எதிலும் பிடிப்பில்லாமல் போகும், வீட்டுக்கு போன் பேசியே மாலை கழியும். பகல் இருக்கும்போதே ஒரு நடை போய்விடுங்கள். பல்கலைக்கழக விளையாட்டு வகுப்பு எதிலாவது சேருங்கள், கட்டணம் சொற்பம். மனம் தொடர்ந்து சரியில்லை என்றால் ஸ்டுடீரண்டன்வெர்க்கின் உளவியல் ஆலோசனைக்குப் போங்கள், ஆங்கிலத்திலும் பேசுவார்கள்.

அங்கே தமிழர்கள் இருக்கிறார்களா?

நிறைய. 1980-களிலிருந்து போர் காரணமாக வந்த ஈழத் தமிழர்களின் இரண்டாம் தலைமுறை இப்போது உங்கள் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கலாம், ஜெர்மனை ஜெர்மானியர் போலவும் தமிழை யாழ்ப்பாணத்துப் பேச்சிலும் பேசிக்கொண்டு. வட ரைன்-வெஸ்ட்ஃபாலியாவில் ஹம் நகரில் 2002-இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது, கோடைத் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலுமிருந்து வருகிறார்கள். ஆனால் ஆறு மாதமும் தமிழ் நண்பர்களோடு மட்டும் கழித்தால், திரும்பி வரும்போது ஜெர்மானியர் ஒருவரைக்கூடத் தெரிந்திருக்காது. அப்படித் திரும்பியவர்கள் நிறையப் பேர்.

பெண்ணைத் தனியாக அனுப்பலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

அனுப்பலாம். விடுதி அறைக்குத் தனிச் சாவி, இரவு நேரத்திலும் பஸ், ரயில். ஆனால் நம் ஊர் லேடீஸ் ஹாஸ்டல் போல வார்டனும் அவுட்பாஸும் இருக்காது, பல விடுதிகளில் ஒரே தளத்தில் ஆண்களும் பெண்களும் இருப்பார்கள். இதைப் போகும் முன்பே வீட்டில் சொல்லிவிடுவது நல்லது, வீடியோ காலில் தெரியவருவதைவிட. தனித்தளம் வேண்டுமானால் விடுதி விண்ணப்பத்தில் கேட்கலாம். அவசரத்துக்கு 112, போலீசுக்கு 110.

செமஸ்டர் முடிந்ததும் அங்கேயே மாஸ்டர்ஸ் சேர்ந்துவிடலாமா?

இங்கே பட்டத்தை முடிக்காமல் முடியாது. முடித்த பிறகு புதிதாக விண்ணப்பம், ஏ.பி.எஸ்., புதிய விசா. ஆனால் அங்கே ஒரு பேராசிரியரிடம் நன்றாகத் தேர்வு எழுதியிருந்தால் அவருடைய பரிந்துரைக் கடிதத்துக்கு எடை அதிகம். கேட்பதானால் ஊரில் இருந்து மெயிலில் கேட்காமல், கிளம்பும் முன் நேரில் போய்க் கேளுங்கள்.

கிளம்பும்போது என்னென்ன முடிக்க வேண்டும்?

முகவரிப் பதிவை ரத்து செய்வது முதல் வேலை. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே செய்யலாம். அந்தச் சான்று இல்லாமல் காப்பீட்டையோ ஒளிபரப்புக் கட்டணத்தையோ நிறுத்துவது பெரும்பாடு. அறையைச் சுத்தம் செய்து, ஒப்படைப்புத் தாளில் கையெழுத்து வாங்கி, போட்டோவும் எடுத்து வையுங்கள். அட்வான்ஸ் திரும்பி வரச் சில மாதங்கள் ஆகலாம், அதனால் ஜெர்மன் வங்கிக் கணக்கை அதுவரை மூடாதீர்கள்.

மார்க் ஷீட் நீங்கள் கிளம்பிச் சில வாரங்கள் கழித்துத்தான் வரும், சில பேராசிரியர்கள் தாள் திருத்த இரண்டு மாதம்கூட எடுப்பார்கள். இங்கே ரிசல்ட் வெளியாகும் தேதியைச் சொல்லி, அதற்குள் தற்காலிகச் சான்று கிடைக்குமா என்று அங்குள்ள சர்வதேச அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். ஸ்கேன் பிரதியை நேரடியாக உங்கள் கல்லூரி மெயிலுக்கே அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்தால் ‘ஒரிஜினல் எங்கே’ என்பார்கள்.